வெள்ளை இருக்கையில் குங்குமம்

ஸ்ரீவராகம் கோயில் வாசலில் புது வண்டிகளுக்குப் பூஜை போடுவது என் வேலை. சாலை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, ஐந்நூறு குதிரைசக்தி சொகுசுக் காரைக் கொண்டுவந்தார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, "ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றேன்.

"ஓடிட்டுத்தான் இருக்கு சாமி" என்றார், இறங்கி நின்றபடி.

சத்தமே இல்லை. உள்ளே எப்படி இருக்கும்? ஸ்டியரிங்கில் பொட்டு வைக்கக் கை நுழைந்தால் போதும். நான் தலையையும் நுழைத்தேன். கதவு நெடுக நீல விளக்கு, முன்பக்கம் முழுக்கத் திரை. வாய் பிளந்து பார்த்ததில், ஊன்றிய குங்குமக் கையின் ஐந்து விரலும் வெள்ளைத் தோல் இருக்கையில் சிவப்பாகப் பதிந்துவிட்டன.

அம்மா எட்டிப் பார்த்தார். "விடுங்க சாமி. அழுக்காயிடுமோன்னு மூணு நாளா இதுல உட்காரவே பயமா இருந்தது. இனி இல்ல."

பட்டுப்புடவையோடு அந்தக் கறை மேலேயே உட்கார்ந்து, பழங்களை நசுக்கிக்கொண்டு போனார்.

இன்றும் புது வண்டி வந்தால் தலையை நுழைக்காமல் இருப்பதில்லை. கையை மட்டும் முதலில் துடைத்துக்கொள்கிறேன்.