பத்துப் பங்கும் மேலே ஒரு வெள்ளியும்

புதுக் கம்பெனியில் கணக்கர் வேலை என்பது பாதி கணக்கு, மீதி முதலாளியின் மானத்துக்குக் காவல். சம்பள நாளில் முதலாளியின் முகத்தைப் பார்த்தே வீட்டுச் செலவைத் தீர்மானித்த என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

வளரும் மொய்

எண்பதுகளின் தொடக்கத்தில், கடைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்க சிராங்கூன் சாலையில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார் சிவநேசன். நான் அவருடைய கணக்கர். பங்கு ஒன்று பத்து வெள்ளி, அதாவது பத்து டாலர், என்று அவரே விலை வைத்தார். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மொய்யாகப் பணம் வைக்க மாட்டார். பத்துப் பங்குக்கான பத்திரத்தை உறையில் போட்டு, மேலே ஒரு வெள்ளி நோட்டைச் செருகுவார். நூற்றொன்று ஆயிற்றே!

குவீன்ஸ்டவுனில் மாதா கோவில் மண்டபத்தில் நடந்த என் கல்யாணத்துக்கும் அதே உறைதான். மொய்ப் பணத்தில் மின்விசிறி வாங்க நினைத்திருந்த என் கணவர் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவநேசன் அவர் தோளைத் தட்டிச் சொன்னார்: "பணம்னா செலவாயிடும் தம்பி. இது வளரும்."

இருபத்தொன்று

எண்பத்தைந்தில் மந்தம் வந்தது. கடைகளில் வியாபாரமே இல்லை, கணக்கு எங்கிருந்து வரும்? இரண்டு மாதமாக எங்களுக்குச் சம்பளம் இல்லை. புது முதல் கிடைக்காவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான். அந்த நேரத்தில் சைனாடவுனிலிருந்து ஒரு சீன முதலாளி பணம் போட வந்தார். தவுக்கே என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார், ஏர்கான் ஓடுகிறதா என்றுகூடத் தொட்டுப் பார்த்தார். பங்குக்கு இரண்டு வெள்ளி தருவதாகச் சொன்னார்.

அவர் போனதும், ஒத்துக்கொள்ளுங்கள் என்று சிவநேசனிடம் கெஞ்சினேன். வீட்டில் குழந்தைக்குப் பால்மாவு முடிந்திருந்தது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்கும் கண் கலங்கியது. ஆனால் காரணம் வேறு. "அவருக்கு ரெண்டு வெள்ளிக்குக் கொடுத்தா, ஊரெல்லாம் நான் வச்ச நூத்தியொண்ணு இருபத்தொண்ணா ஆயிடும், ரெஜினா!"

நாலு இலவசம்

பிறகு மானமும் போகாமல், பணமும் வர வழி தேடினார். ஏர்கானை நிறுத்தினார். ஆபீசில் தேத்தண்ணி நின்றது. கடைசியில் ஒரு யோசனை பிறந்தது. பங்கு விலை பத்தேதான், ஆனால் ஒன்று வாங்கினால் நாலு இலவசம்! சோப்புக்கட்டி விற்கிற மாதிரி இருந்த அதை நான்தான் டைப் அடித்தேன்.

தவுக்கே விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பசார் மலாய் என்கிற கடைத்தெரு மலாய் மொழியில் அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னதைத் தமிழில் சொன்னால் இதுதான்: "எல்லாம் ஒண்ணுதான் லா! ரெண்டு வெள்ளின்னே எழுது, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

ஒரு காசு

சிவநேசன் எழுதவில்லை. தவுக்கே சொன்ன விலை மட்டும் மறுநாளே சிராங்கூன் சாலை முழுக்கப் பரவிவிட்டது. பலசரக்குக் கடை ராமையா எங்கள் ஆபீசுக்கே வந்தார். அவர் மகன் கல்யாணத்துக்கும் அந்த உறை போயிருந்தது. விலை இறங்கிவிட்டதாமே என்று கேட்டார். சிவநேசன் சாமி படத்தைக் காட்டி, "பத்து வெள்ளிண்ணே, ஒரு காசு குறையலை" என்று சத்தியம் செய்தார்.

ராமையா கோபப்படுவார் என்று பார்த்தால், முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாசல்வரை போனவர் திரும்பி நின்று கேட்டார்: "அப்ப சரி. உங்க மக கல்யாணம் எப்போ?"

மொய் மேசை

கல்யாணம் அடுத்த மாதம் நடந்தது. மொய் வந்ததும் எல்லாருக்கும் சம்பளம் என்று சிவநேசன் சொல்லியிருந்தார். ஊருக்கெல்லாம் வைத்தவருக்கு ஊர் திருப்பி வைக்காதா? மொய் மேசையில் என்னையே உட்கார வைத்தார்.

பந்தி முடிந்து உறைகளைப் பிரித்தோம். முதல் உறையில் பத்துப் பங்கு, மேலே ஒரு வெள்ளி. அடுத்ததிலும் அதுவே. அதற்கடுத்தது என்னுடையது, அதிலும் அதேதான். சம்பளம் வாங்காதவள் ரொக்கத்துக்கு எங்கே போவாள்? சிவநேசன் பட்டுவேட்டியோடு அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ராமையா வெற்றிலையை மென்றுகொண்டே வந்தார். "நூத்தியொண்ணுக்கு நூத்தியொண்ணு சரியா இருக்கா? ஒரு காசு குறையலைன்னு நீங்கதானே சொன்னீங்க!"

கையெழுத்து

கொடுத்த பங்கெல்லாம் வீடு வந்து சேர்ந்த பிறகு, யாருக்கு வெட்கப்படுவது? சிவநேசன் மறுநாளே தவுக்கேயைக் கூப்பிட்டார். தவுக்கே வந்தார், ஆனால் அதற்குள் விலை ஒன்றரை வெள்ளி ஆகியிருந்தது. சிவநேசன் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே எங்களுக்குச் சம்பளம் வந்தது. நான் முதலில் வாங்கியது பால்மாவுதான்.

மொய்யில் வந்த ஒரு வெள்ளி நோட்டுகளை அடுக்கி என் மேசையில் வைத்துவிட்டு சிவநேசன் சொன்னார்: "இது மட்டுந்தான் ரெஜினா, போன விலைக்கே திரும்பி வந்திருக்கு."

ஒரு கம்பெனியின் உண்மையான மதிப்பு தெரியவேண்டுமானால் ஆடிட்டரைக் கேட்காதீர்கள், முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.