நான் வந்தா தோத்துருவாங்க

மண்டூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்கிறேன். பின்னம் என்றாலே பிள்ளைகளின் முகம் தொங்கிவிடும். அதனால் போன தவணை கம்ப்யூட்டர் அறையில் ஒரு கேம் விளையாட விட்டேன். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்ட வேண்டும். அரை, கால், அரைக்கால் என்று பலகைத் துண்டுகள் வரும். சரியாகச் சேர்த்தால் லொறி அக்கரைக்குப் போகும். பிழையாகச் சேர்த்தால் தண்ணீருக்குள் விழும். நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். முதலில் முடிக்கும் குழுவுக்கு எல்லோரும் கைதட்ட வேண்டும்.

வகுப்பே மாறிப்போனது. இடைவேளை மணியடித்தாலும் எழும்ப மாட்டார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருநாள் பள்ளி அதிபரைக் கூட்டிவந்து, எப்போதும் வெல்லும் குழுவைக் காட்டினேன்.

"பாருங்க சேர், எவ்வளவு ஒற்றுமையா செய்யுறாங்க."

அந்தக் குழுவில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. பார்த்தேன், யோசிக்கவில்லை. விரல்விட்டு எண்ணி, மெல்லமாக விடை சொல்லும் ஒரு பிள்ளையின் கதிரை அது. கேம் விளையாடும் நாட்களில் மட்டும் அவள் வருவதில்லை என்பது எனக்கு உறைக்க ஒரு மாதம் ஆனது.

பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். தாய் முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"தலையிடி எண்டு படுத்துக்குவாள் டீச்சர். நான் என்ன செய்யுற?"

பிள்ளை கதவோரம் நின்றாள்.

"ஏன் மகள் வாறல்ல? கேம் பிடிக்கல்லையா?"

"பிடிக்கும் டீச்சர்."

"அப்ப?"

"நான் யோசிச்சு முடிக்க நேரம் போயிரும். நான் வந்தா அவங்க தோத்துருவாங்க."

முதல் நாட்களில் அவள் வந்தபோது யாரும் அவளை ஏசவில்லை. "கொஞ்சம் தள்ளு" என்று மவுஸை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கைதட்டச் சொன்னது நான்.

"என்ட பிழைதான் மகள்" என்றேன். அவளுக்கு விளங்கியதோ தெரியாது.

அடுத்த வாரம் கைதட்டலை நிறுத்தினேன். ஒவ்வொரு பலகையையும் ஒவ்வொருவர் முறைவைத்து வைக்க வேண்டும்; மற்றவர்கள் வாயால் சொல்லலாம், மவுஸைத் தொடக்கூடாது. அவள் வந்தாள்.

"ரெண்டு கால் சேந்தா அரைதானே?" என்று பக்கத்துப் பிள்ளை அவசரப்படுத்தினாள்.

"பொறு, எண்ணுறன்."

பொறுத்தார்கள். லொறி அக்கரை சேர்ந்ததும் நாலு பேரும் கத்தினார்கள்.

வகுப்பில் பழைய வேகம் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவள் இப்போது ஒருநாளும் தவறுவதில்லை. ஆனால் தன் முறை வந்தால், மற்ற மூவரின் முகத்தையும் பார்த்து, "நான் வைக்கட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறாள். அப்படிக் கேட்கப் பழக்கியது நான்தான்.