இடுப்பில் கட்டாத உடை

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டை ஒட்டி எங்கள் பெயிண்ட் கடை. காலையில் கட்டிய சேலையோடு கடை சாத்தும்வரை நான்தான் கல்லாவில் இருப்பேன். போன சித்திரையில், பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில் ஒரு புண் வந்தது. வேர்வைக் கொப்புளம் என்று பவுடர் போட்டேன். ஆறவில்லை. விளிம்பு தடித்துக் கறுத்தது. நாடாவைத் தளர்த்திக் கட்டினால், சேலை அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் கை தானாக மறுபடி இறுக்கிவிடும்.

மதுரையில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிருவோம்" என்றார். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, என் வீட்டுக்காரரும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரிந்திருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். கல்யாணமான புதிதில் செய்தது.

அடுத்த முறை போனபோது, "ஒண்ணுமில்லம்மா, நாடா உரசி வந்த புண்ணுதான்" என்றார் டாக்டரம்மா. சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டேன். "ஆனா இனி இடுப்புல எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது" என்றார் அவர்.

சுடிதாருக்கும் நாடா உண்டு. நைட்டியோடு மெயின் ரோட்டுக் கடையில் உட்கார மனசு வரவில்லை. திருப்பூரில் இருக்கும் நாத்தனாரிடம் போனில் புலம்பினேன்.

"ஜம்ப்சூட் தச்சுப் போடுங்க மதினி. எல்லாம் தோள்லதான் தொங்கும்" என்று படமும் அனுப்பினாள்.

பாளையம்பட்டி டெய்லரக்கா படத்தை உற்றுப் பார்த்தார். "சட்டையும் பேண்டும் ஒண்ணாச் சேந்தது. சரி. அவசரத்துக்கு ஒதுங்கணும்னா முழுசையும்ல கழட்டணும்?"

அதை நான் யோசிக்கவே இல்லை. இருவரும் சிரித்து ஓய்ந்து, முன்பக்கம் கழுத்திலிருந்து கீழ்வரை பட்டன் வைப்பது என்று முடிவுசெய்தோம். கருநீலப் பருத்தி, தொளதொளவென்று கால், இரண்டு பாக்கெட்.

முதல் நாள் மேலே துப்பட்டா போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். உடைக்குள் காற்று போய் வந்தது. இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. ஏணியில் ஏறி மேல்தட்டு டப்பாவை நானே இறக்கினேன். லோடு இறக்க வந்த டிரைவர் ஒருமுறை பார்த்துவிட்டு பிரைமர் விலை கேட்டார். அவ்வளவுதான்.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த என் மாமியார்தான் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னத்தா இது, மெக்கானிக்கு மாதிரி?"

மதுரைக்குச் சரக்கெடுக்கப் போவதாகத்தான் அவரிடம் சொல்லியிருந்தோம். இப்போது எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து உள்ளறைக்குக் கூப்பிட்டு, சேலையை விலக்கிக் காட்டினார். இடுப்பைச் சுற்றிக் கறுப்பு வளையம். ஒரு பக்கம் வெடித்து ஈரமாக இருந்தது.

"எம்புட்டு நாளா அத்தை?"

"அது கெடக்கு வருசக்கணக்கா. எல்லாத்துக்கும் இருக்கும்னு நெனச்சேன்."

அந்த வாரமே அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். மறுபடி டெஸ்ட், மறுபடி காத்திருப்பு. அவருக்கும் பயப்பட ஒன்றுமில்லை, மருந்தில் ஆறிவிடும் என்றார்கள். வெளியே வந்து வெயிலில் நின்றபடி இருவரும் கரும்புச்சாறு குடித்தோம்.

ஜம்ப்சூட் மட்டும் வேண்டாம் என்றார் அத்தை, நான் வற்புறுத்தவில்லை. வீட்டில் நைட்டிக்கு மாறினார். வெளியே போகும்போது சேலை, பாவாடையில் நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை. பொருக்கு உதிர்ந்த அன்று என் கையைப் பிடித்துத் தன் இடுப்பில் வைத்தார்.

"நல்லா அமுக்கிப் பாரு. எரியவே இல்ல."