ஹர்த்தாலன்று பட்டம் வரை

திருவனந்தபுரம் எம்.ஜி. ரோட்டின் நட்டநடுவில், வெள்ளைக்கோட்டின் மேலேயே, காலை எட்டரை மணிக்கு நான் நடந்திருக்கிறேன். ஆபீஸில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இப்போது அதே ரோட்டைக் கடக்க, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டுதான் காலை எடுத்து வைக்கிறேன். சனிக்கிழமைகளில் தனியாக, ஒரு வேலையும் இல்லாமல், இந்த ஊரைச் சுற்றி நடப்பது என் வழக்கம். சாலைக் கடைத்தெருவின் நெரிசல், கிழக்கேகோட்டையின் பஸ் இரைச்சல், பழவங்காடிப் பிள்ளையார் முன் சிதறும் தேங்காய் என்று எதன் நடுவே நடந்தாலும், ஆளே இல்லாத அந்த ஒரு காலையைத்தான் மனம் தேடுகிறது. கூடவே ஸ்டேஷன் அக்காவையும். அவர் ஊருக்குத் திரும்பிப்போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இந்த ஊரின் பட்டம் என்ற பகுதியில், ஒரு தனியார் அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு நேர்காணல். கோவில்பட்டியிலிருந்து முதன்முறையாகத் தனியாக ரயிலேறி வந்திருந்தேன். "இந்த ஒரு தடவைதான். கிடைக்கலேன்னா தை மாசம் கல்யாணம்" என்று சொல்லித்தான் அப்பா அனுப்பியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே இரண்டு முறை வந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

தம்பானூர் ஸ்டேஷனின் பெண்கள் காத்திருப்பு அறையை இரவெல்லாம் கூட்டிப் பெருக்கிவிட்டு, வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்தான் அக்கா. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். கண்ணாடி முன் நான் மூன்றாவது முறையாகச் சடையை அவிழ்ப்பதைப் பார்த்து, சீப்பை வாங்கித் தானே பின்னிவிட்டார். பின்னி முடிப்பதற்குள் அப்பா சொன்னது வரை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன்.

"இன்னிக்கு ஹர்த்தாலாக்கும் மோளே. பஸ்ஸும் ஓடாது, ஆட்டோவும் ஓடாது," என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "பட்டம்தானே? வா, நடந்தே போயிரலாம்" என்றார். எங்கள் ஊரில் பந்த் என்றால் பஸ் நிற்கும், கடை அரை ஷட்டரில் திறந்திருக்கும், ஆபீஸில் ஆள் இருக்கும். அதே நினைப்பில் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அவ்வளவு பெரிய ஊர் எங்கள் இருவருக்கு மட்டும் திறந்து கிடந்தது. ஸ்டாச்சு ஜங்ஷனில் போலீஸ்காரர்கள் மரநிழலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தார்கள். பாளையத்தில் அக்கா கோயிலையும் தேவாலயத்தையும் பள்ளிவாசலையும் காட்டி, மூன்றுக்கும் ஒரு கும்பிடு போடச் சொன்னார். "யாராவது ஒருத்தரு கேப்பாங்க." கால் வலிக்கிறது என்றேன். "நடந்தா நாடெல்லாம் உறவு, படுத்தா பாயும் பகை. பேசாம வா."

ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கேட் பூட்டியிருந்தது. "ஹர்த்தாலல்லே? ஆரும் வந்நிட்டில்லா," என்றார் காவலாளி. யாரும் வரவில்லையாம். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். அக்கா அசரவில்லை; காவலாளியின் மேஜைமேல் இருந்த வருகைப் பதிவு நோட்டைக் காட்டினார். "சேட்டா, அந்த நோட்டுல இந்தப் பொண்ணு பேர எழுது. பத்துக்கு முன்னயே வந்துச்சுன்னு எழுது. ஸ்டேஷன்லருந்து நடந்து வந்துச்சுன்னும் எழுதணும், கேட்டோ." எழுதியதை அவரையே உரக்கப் படிக்கவைத்துக் கேட்டபிறகுதான் நகர்ந்தார்.

"ஆபீஸ் இருக்காதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"தெரியும். அங்க வச்சே சொல்லியிருந்தா நீ அடுத்த வண்டியில ஏறிருப்ப. ஏறிட்டா, பின்ன உன்ன விடுவாங்களா? ராத்திரி நம்ம வீட்ல கிட. நாளைக்கு வரலாம்."

மறுநாள் அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். வேலையும் கிடைத்தது. ஆனால் எனக்கு மறக்காதது ஹர்த்தாலன்று திரும்பி நடந்த நடைதான். அக்கா வீடு பட்டத்துப் பக்கம்தான் எங்கோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன். பாளையம் போனது, ஸ்டாச்சு போனது, ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஓவர் பிரிட்ஜும் வந்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில், ஆரியசாலைச் சந்தில் ஓர் ஓட்டு வீட்டின் பூட்டைத் திறந்தார். படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. அவற்றைத் தேய்த்துவிட்டுக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்து, "ஊரு பிடிச்சுதா மோளே?" என்று கேட்டார்.