மூன்று வேளைக் குளிசையும் ஒரு பேரீச்சம்பழமும்

நோன்பு தொடங்கிய வாரம், ரியாஸை அவனுடைய சம்மாட்டி, வலைக்குச் சொந்தக்காரரான மஹ்ரூப் நானா கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். ரியாஸ் கண்டக்குழிக் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவன். வலிப்புக்கு மூன்று வேளையும் குளிசை போட்டு, வருஷக்கணக்காக நல்ல சுகமாக இருந்தவன். இப்போது நிற்க முடியாமல் ஆடினான், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றான்.

நான் அங்கே மருந்தாளர். என் வாய் பொல்லாதது என்பது கிளினிக் முழுக்கத் தெரியும்.

"என்னடாப்பா செஞ்ச? மறைக்காமச் சொல்லு."

"பகல்ல போட்டா நோன்பு முறியுமே சேர். அதான் மூணு வேளைக் குளிசையையும் பின்னேரம் நோன்பு தொறந்தவுடன ஒண்டாப் போட்டன்."

"மூணு வேளைச் சோத்தையும் ஒரேயடியாத் திண்டா வயிறு சும்மா இரிக்குமா? நோயாளிக்கு மார்க்கத்துலயே சலுகை இரிக்கிதானே?"

"தெரியும் சேர். எல்லாரும் நோன்போட கயிறு இழுக்கக்குள்ள நான் மட்டும் தண்ணி குடிக்க வெக்கமா இரிக்கி."

மஹ்ரூப் நானா தலையில் கை வைத்தார். "நல்ல புள்ளதான் சேர். ஆனா இவன் தண்ணிக்குள்ள விழுந்தா உம்மாக்கு நான் என்ன பதில் சொல்ற? வேற ஆள்தான் பாக்க வேணும்."

ரியாஸின் கண் கலங்கிவிட்டது. அவனுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். எனக்கும் ஏச மனம் வரவில்லை.

டொக்டர் மிஸ்ஸிடம் கூட்டிப்போனேன். அவனை வார்ட்டில் வைத்துப் பார்த்து, மயக்கம் தெளிந்தபின் மருந்தை மாற்றினார். மெதுவாகக் கரைகிற குளிசை, விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு ஒன்று, நோன்பு திறக்க ஒன்று. ஒரு வலிப்பு வந்தாலும் நோன்பை விட்டுவிட வேண்டும், தான் சொல்லும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார்.

"அப்ப மணல்ல நிண்டு கயிறு சுத்தட்டும்," என்றார் மஹ்ரூப் நானா. எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது.

பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் மீன் வாங்கக் கண்டக்குழிக்குப் போனேன். ரியாஸுக்கு அதுவரை வலிப்பு வரவில்லை. நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும் நேரம் வலைக்காரர் மணலில் குந்தியிருந்தார்கள். மஹ்ரூப் நானா ஒவ்வொருவர் கையிலும் ஒரு பேரீச்சம்பழம் வைத்து வந்தார். ரியாஸின் கையில் மட்டும் பழத்தோடு குளிசையும் வைத்தார்.

"முழுங்கிட்டு வாயத் தொறந்து காட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து காட்டினான். அந்தக் கரையில் அவனுக்கு இனி வெட்கப்பட ஒன்றும் இருக்கவில்லை.

நான் பென்ஷன் எடுத்துவிட்டேன். இப்போது மருந்து யன்னலில் நிற்கும் பிள்ளைகளே, நோன்பு வருவதற்கு முந்திய கிளினிக்கிலேயே கேளுங்கள்: "நோன்பு பிடிக்கப் போறீங்களா?" வெட்கத்தில் நோயாளிகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். ஏசுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.