வெட்ட வெட்ட உடையாத எண்

தெருவே கத்தரியக்கா என்று கூப்பிடும் தையல்காரிக்கு வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. கல்யாணப் பேச்சுதான் எங்கேயும் தொடவில்லை. எல்லாம் கடைத் தொலைபேசி எண் செய்த வேலை. 73939133.

அந்த எண் கிடைத்த நாளிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தையல் மெஷின் சும்மா நிற்கும்போதெல்லாம் கால்குலேட்டரைத் தட்டித் தட்டி, அது ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாத பகா எண் என்று கண்டுபிடித்துவிட்டாள். அதோடு விட்டாளா? கத்தரி பிடித்த கையாயிற்றே! கடைசி இலக்கத்தை வெட்டினாள். மிச்சமும் பகா எண். இன்னொன்றை வெட்டினாள். அதுவும்! வெட்டிக்கொண்டே போய் ஒற்றை ஏழில் வந்து நின்றாள், ஒன்றுகூட உடையவில்லை. வரன் என்று வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொன்னாள். ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் செருப்பைத் தேடினார்.

"அந்த நம்பரையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து, போ!" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

இந்த லட்சணத்தில் கடைக்குப் பெயர்ப்பலகை எழுத வந்த பெயின்டர், இடம் போதாமல் கடைசி இலக்கமான மூன்றை விட்டுவிட்டார். திட்டு விழும் என்று திருதிருவென விழித்துக்கொண்டு நின்றவரின் முன்னால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூச்சு வாங்க வாங்க முழுக் கதையையும் சொன்னாள்.

"பின்னாடி இன்னொரு இலக்கம் சேர்த்தா?" என்றார் பெயின்டர்.

அடடா, கேள்வி கேட்கிறாரே மனுஷன்! "ஒன்பதாவதா எதை ஒட்டினாலும் உடைஞ்சிடும். எட்டு இலக்கத்தோட சரி."

அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இவரும் அவ்வளவுதானா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை பலகையில் இன்னொரு இலக்கத்தைக் காணோம். அதற்கடுத்த நாள் இன்னொன்று. "எவன்டா பலகையைத் திங்கிறவன்?" என்று அண்ணன் தெருவில் நின்று கத்தினார். அவளோ உள்ளே சட்டைக்குக் கையைத் தலைகீழாகத் தைத்துவைத்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பலகையில் ஏழு மட்டும் இருந்தது. அதன் கீழே பெயின்டர் தூரிகையோடு நின்றார்.

"இனிமே வெட்ட ஒண்ணுமில்ல," என்றார், காது சிவக்க. "பலகையை நீட்டித் திரும்ப எழுதுறேன். ஆனா, ஒரு நாளைக்கு ஒரு எண்ணுதான். எட்டுக்கு மேல ஒட்டாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் சொல்லிடுங்க."

"அதெல்லாம் முடியாது. மொத்தத்தையும் இன்னைக்கே எழுதுங்க."

அவர் முகம் தொங்கிவிட்டது.

"சீக்கிரம் எழுதுங்கன்னா!" என்று ஏணியைத் தானே பிடித்துக்கொண்டாள் கத்தரியக்கா. "அண்ணன் வர்ற நேரம். பலகை முழுசா இருந்தாத்தான் அவர் நல்ல மூடுல இருப்பாரு. நீங்க வந்த விஷயத்தைப் பேச வேண்டாமா?"