இடது முன் சக்கரம்

சென்ற பெப்ரவரி பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். மழை இல்லை, மாத்தளை டவுனுக்கு மேலே மலைகளில் மட்டும் மூட்டம். என் பழைய பிக்கப்பின் இடது முன் சக்கரத்தில் ஸ்பேனரைப் போட்ட கராஜ்காரப் பையன், பாதியில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தான். நட்டைத் திருப்பினால் அது பூட்டியிருந்த திருகாணியும், அந்த ஸ்டட்டும், கூடவே சுற்றியது. நான்கில் மூன்று அப்படி.

"ஐயா, இத யாரு இப்பிடிப் போட்டு இறுக்குறது?"

"நான்தான். காலையில ஆறேகாலுக்கு. நாலு சக்கரம், பதினாறு நட்டு. ஒரு நாள் விட்டதில்ல."

"எதுக்குங்க?"

"கழண்டுறக் கூடாதுன்னுதான்."

அவனுக்கு முப்பது வயதிருக்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டான். "ஸ்டட்டுக்குப் பின்னால பல்லு இருக்குங்க. அதுதான் உள்ள கடிச்சுப் புடிச்சிக்கிட்டு நிக்குது. இறுகின நட்ட மேல மேல இறுக்கினா அந்தப் பல்லு தேஞ்சு போயிரும். நீங்க இறுக்கி இறுக்கியே லூஸாக்கிட்டீங்க."

எனக்கு வயது எழுபத்திரண்டு. அங்கே கிடந்த ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவன் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினான். எனக்குத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோதும் இதே வண்டிதான், இதே சக்கரம்தான். அப்பாவுக்கு டவுனில் பலசரக்குக் கடை. ரத்தோட்டைப் பக்கத்துச் சிறுகடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோக வாங்கிய பிக்கப். வாங்கும்போதே அது பழையது. அதை ஓட்டியவர் அம்மாவின் தம்பி. மாமாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது, பெண் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை டிரைவர் என்பதால்தான் பெண் வீட்டார் சம்மதித்தார்கள் என்று அம்மா சொல்வாள். நான் எதையும் எண்ணிக்கொண்டே இருப்பேன் என்பதால் மாமாவுக்கு நான் 'கணக்கப்புள்ள'.

தேயிலைத் தோட்டத்து லொறி ஒன்றின் சக்கரம் கழன்று, லொறியை முந்தி ஓடிப் பள்ளத்தில் விழுந்ததாக வகுப்பில் ஒருவன் சொன்னான். லொறி என்ன ஆனது என்றும் சொன்னான். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா பிக்கப்பில் ரத்தோட்டைக்குப் பெரியம்மாவைப் பார்க்கப் போவாள். அவள் உட்காருவது இடது பக்கம். மடியில் தங்கச்சி.

மறுநாள் விடிந்ததும், யாரும் எழுமுன் தொடங்கினேன். ஸ்பேனரில் மூன்றடித் தண்ணீர்க் குழாயைச் செருகி, மட்கார்டைப் பிடித்துக்கொண்டு, குழாயின் நுனியில் வெறுங்காலோடு ஏறிக் குதிப்பேன். ஒரு நட்டுக்கு மூன்று குதி. அம்மா பக்கத்து முன் சக்கரத்துக்கு மட்டும் ஐந்து. ஸ்பேனரையும் குழாயையும் வண்டியில் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். நாற்பத்தொரு நாள் இப்படிச் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை, நல்ல காரியத்தைச் சொல்லிக் காட்டக் கூடாது என்பது என் எண்ணம்.

நாற்பத்திரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறை. நான் பின்னால் தேங்காய் மூட்டைகளுக்கு நடுவே இருந்தேன். நாலாவது மைல்கல்லைத் தாண்டியதும் முன்னாலிருந்து கடகடவென்று சத்தம். மாமா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி இறங்கினார். இடது முன் சக்கரத்தில் ஒரு நட்டைக் காணோம். மீதி மூன்றில் இரண்டைத் திருப்பினார். ஸ்டட்டும் சேர்ந்து சுற்றியது.

"என்னடா ஆச்சு?" என்றாள் அம்மா உள்ளிருந்து.

"ஒண்ணுமில்லக்கா. கணக்கப்புள்ள ஒரு மைல்கல்ல எண்ணாம விட்டுட்டானாம். அதான் நிப்பாட்டினேன்."

அம்மாவையும் தங்கச்சியையும் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பிறகு சக்கரத்தைக் கழற்றி, காலி டின்மீன் டப்பாவின் தகரத்தைக் கீற்றாக வெட்டி, ஆடிய ஸ்டட்டுகளைச் சுற்றிச் செருகிச் சுத்தியலால் அடித்தார். நடுவில் நட்டுகளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். அவற்றின் மூலைகள் மழுங்கி வெள்ளிபோல மின்னின. குழாயை எடுத்து அதன் நுனியைப் பார்த்தார். துருப்பிடித்த குழாயில் அந்த இடம் மட்டும் பளபளத்தது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நடை வேகத்தில் கடைக்கு வந்து சேர்ந்தோம்.

அப்பா கடை வாசலிலேயே நின்றார். ஊர்ந்து வந்த வண்டியையும் நட்டுக் குறைந்த சக்கரத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"போன மாசம் பங்சருக்கு அந்தச் சக்கரத்தக் கழட்டினது யாரு?"

"நான்தான் மச்சான்."

"ஒழுங்கா மாட்டினியா?"

எனக்குப் பொறுக்கவில்லை. மாமா குற்றமற்றவர் என்பதற்கு என்னிடம் நாற்பத்தொரு நாள் சாட்சியம் இருந்தது. "அப்பா, நான் தெனமும்..." என்று தொடங்கினேன்.

"டேய், கால்ல என்னடா?" என்று மாமா குனிந்து என் வலது காலைத் தூக்கினார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றேன். உள்ளங்காலின் குறுக்கே துரு ஒரு பட்டையாக ஏறியிருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் அதை அழுத்தித் துடைத்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது, சிரித்துவிட்டேன். என் காலைப் பிடித்தபடியே, அப்பாவைப் பார்க்காமல் சொன்னார்:

"அவசரத்துல மாட்டிட்டேன் மச்சான். எந் தப்புதான்."

"எம் பொண்டாட்டி புள்ளைங்க போற வண்டிடா அது."

மாமா என் காலை மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.

"சாவிய வெச்சிட்டுப் போ."

மாமா வைத்துவிட்டுப் போனார். தம்புள்ளைப் பக்கம் ஒரு லொறியில் கிளீனராகச் சேர்ந்தார். கிளீனருக்குப் பெண் கொடுக்க அந்த வீட்டார் முன்வரவில்லை. வேறு இடத்தில் அவருக்குக் கல்யாணமாக ஏழு வருடம் ஆனது. தீபாவளிக்கு வரும்போதெல்லாம், நான் உத்தியோகத்துக்குப் போன பிறகும், வாசலிலேயே கேட்பார்: "கணக்கப்புள்ள, எங்க, காலக் காட்டு!" நான் காட்டுவேன், எல்லாரும் சிரிப்பார்கள். நான் கால் கழுவாத பிள்ளை என்பதுதான் அந்தக் கேலி என்று நினைத்திருந்தேன்.

அப்பா என்னை அடிக்க எடுக்கும் பெல்ட் கதவுக்குப் பின்னால் மூன்றாவது ஆணியில் தொங்கும். அன்று அது தொங்கியபடியே இருந்ததைக்கூட நான் கவனித்தேன். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. மாமா அவசரக்காரர் என்றும், அந்த நாற்பத்தொரு நாள் நான் இறுக்கியிராவிட்டால் அம்மாவும் தங்கச்சியும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்றும் அறுபத்து மூன்று வருடம் நம்பியிருந்தேன். பேரப்பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லியும் இருக்கிறேன், குறைந்தது நான்கு தடவை. மாமா இறந்து ஒன்பது வருடமாகிறது.

மாலை நாலே முக்காலுக்கு வேலை முடிந்தது. "இனிமே கை வெக்காதீங்க ஐயா" என்றான் பையன். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு இடங்களில் நிறுத்தி, இறங்கி, அந்தச் சக்கரத்தைப் பார்த்தேன். கை வைக்கவில்லை. லேத்தில் கடைந்து போட்ட ஸ்டட் மூன்று, புது நட்டு நான்கு, கூலி, எல்லாமாகப் பதினோராயிரத்து நானூறு ரூபாய்.